சயனோடைப் அச்சு: கழுவும்போது நீலம் ஓடுகிறது, காகிதம் பற்றி உதவி தேவை

இரும்பு உப்புக் கலவையைக் காகிதத்தில் பூசி, வெயில் காட்டி, நீரில் கழுவி நீலப் படம் எடுக்கும் முறைதான் சயனோடைப். கலவை வழக்கமானதுதான்: 100 மி.லி. நீரில் 25 கிராம் ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், இன்னொரு 100 மி.லி.யில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு, பூசும் முன் சமபங்கு. இருட்டில் காயவைத்து, வேப்பிலைக் கொத்தைக் கண்ணாடிக்கு அடியில் அமுக்கி உச்சி வெயில். வெயில் பட்ட இடம் வெண்கலச் சாம்பலாகும் வரை விடுவதால் ஒளி போதவில்லை என்று சொல்ல முடியாது.

போர் தண்ணீரின் காரத்தன்மை நீலத்தைச் சிதைக்கும் என்று முதல் கழுவலில் கொஞ்சம் வினிகர் சேர்த்தேன், பாதிதான் சரியானது. மீதிக்குக் காரணம் காகிதம். ஒரு சொட்டு வினிகர் விட்டால் பொசுபொசுவென்று நுரைக்கிறது, கால்சியம் கார்பனேட்! அதுவும் காரம்தான்.

கார்பனேட் சேராத, 200 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில்) மேற்பட்ட, ஊறினாலும் பிய்யாத பருத்திக் காகிதம் சென்னை, புதுச்சேரியில் சில்லறையாக எங்கே கிடைக்கும்? சிட்ரிக் அமிலத்தில் காகிதத்தை முன்பே ஊறவைப்பவர்கள் எத்தனை சதவீதம், எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள். 'ஆசிட் ஃப்ரீ' (அமிலமற்றது) என்று விற்கும் காகிதம் வேண்டாம். பெரும்பாலும் அதில்தான் இந்தக் கார்பனேட்டே இருக்கிறது.