ஆத்தங்குடி கல்லுக்கு ஆத்து மணல்தான் வேணுமா?

கோட்டையூர் வாசி:
காரைக்குடி பக்கம் சின்னதா ஒரு ஆத்தங்குடி கல் பட்டறை போட எண்ணம். கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றி, அதன் பின்பக்கம் சிமெண்ட் கலவை நிரப்பி வார்க்கிற தரைக்கல்தான். 8 அங்குலக் கல், முக்கால் அங்குல கனம், மாசம் 2,000 சதுர அடி. சூளை இல்லை, விறகு இல்லை, அதனால் இயற்கைக்குக் கேடில்லாத தொழில் என்கிறார்கள். சரிதானா? மணல் எவ்வளவு பிடிக்கும்? எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) ஒத்துவருமா?

செட்டிநாட்டுக் கொத்தன்:
சூளை உங்கள் பட்டறையில் இல்லை, அவ்வளவுதான். அது அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலையில் 1,450 டிகிரியில் எரிகிறது. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோதான் சுண்ணாம்பு, மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். பள்ளிப் பாடத்தில் சொல்வதுபோல் மணலும் சுண்ணாம்புக்கல்லும் தோண்டுவது முதல்நிலைத் தொழில், கல் வார்ப்பது இரண்டாம் நிலை. உங்கள் கணக்கை வாசலோடு நிறுத்தினால் பாதிக் கணக்குத்தான்.

100 சதுர அடிக்கு 225 கல், 6¼ கன அடி கலவை. 1:3 என்றால் உலர்ந்த நிலையில் 8 கன அடி வேண்டும்: மணல் 6, சிமெண்ட் 2 (1.6 மூட்டை). மாசத்துக்கு மணல் 120 கன அடி, அதாவது ஒன்றேகால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு (யூனிட் என்றால் 100 கன அடி). சிமெண்ட் 32 மூட்டை. உடைசல் தனி.

மணல் சலிப்பவன்:
எம்-சாண்டில் கான்கிரீட்டுக்கானது கரடு. பூச்சு வேலைக்கான பி-சாண்ட் வாங்குங்கள். தூள் அதிகமிருந்தால் தண்ணீரைக் குடிக்கும். தண்ணீர் கூட்டினால் காயும்போது சுருங்கி மயிரிழை வெடிப்பு விழும்.

ஆற்று மணல் என்று சவுடு (வண்டல் கலந்த மண்) கலந்து இறக்குவதும் உண்டு. கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணல், மேலே உப்புத் தண்ணீர், நன்றாகக் குலுக்கி 3 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மேலே படியும் வண்டல் மணல் உயரத்தில் 8 சதவீதத்துக்கு மேல் போனால் லோடைத் திருப்பிவிடுங்கள். நடைச்சீட்டு (மணல் ஏற்றிவர அரசு தரும் அனுமதிச் சீட்டு) இல்லாத மணல் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். உவர் மணலும் வேண்டாம், பதித்த பிறகு வெள்ளையாக உப்புப் பூக்கும்.

கோட்டையூர் வாசி:
நன்றி அண்ணே. சிமெண்டைக் குறைக்க வழி உண்டா?

செட்டிநாட்டுக் கொத்தன்:
கலவை விகிதத்தில் கையை வைக்காதீர்கள், கல்லின் மூலை உதிரும். பின்பக்கக் கலவைக்கு பிபிசி (சாம்பல் கலந்த போர்ட்லேண்ட் போஸலானா சிமெண்ட்) போடுங்கள். அதில் 15 முதல் 35 சதவீதம் அனல்மின் நிலையச் சாம்பல், அந்த அளவுக்குச் சுண்ணாம்புக்கல் மிச்சம். ஆனால் மெதுவாகத்தான் இறுகும். கல்லை 7 நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டவர்கள் 14 நாள் போட வேண்டும். கண்ணாடிமேல் ஊற்றும் வண்ணத்துக்கு வெள்ளை சிமெண்ட்தான், இல்லாவிட்டால் மஞ்சள்கூட அழுக்கு நிறமாகிவிடும். இரும்பு ஆக்ஸைடு எடையில் 5 சதவீதம் போதும். 10-ஐத் தாண்டினால் நிறம் ஏறாது, பலம்தான் குறையும். துணிச்சாயம் வேண்டவே வேண்டாம், சிமெண்டின் காரத்தில் வெளுத்துப்போகும்.

ஊரணிக்கரை:
தண்ணீரை யாரும் பேசவில்லையே. ஊறப்போட்ட தொட்டித் தண்ணீர் கடுங்காரம், பிஎச் 12 வரை ஏறும். கையில் பட்டால் தோல் வெந்துபோகும். கண்மாய்க்கோ ஊரணிக்கோ திருப்பிவிட்டால் மீன் மிஞ்சாது. பக்கத்தில் இன்னொரு தொட்டி கட்டித் தெளியவையுங்கள். அந்தத் தண்ணீரிலேயே பின்பக்கக் கலவையைக் குழைக்கலாம், வண்ணத்துக்கு மட்டும் நல்ல தண்ணீர். அடியில் தங்கும் சேற்றைக் காயவைத்துத் தரை நிரப்பலாம்.

1,000 சதுர அடிக் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்குமேல் இறங்கும். இந்த ஊர் வளவு வீடுகளில் முற்றத்துத் தண்ணீரைச் சேர்த்த அதே முறைதான். கொட்டகைக்குத் தகரம் போடும்போதே குழாயையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள் தம்பி, பிறகு யாரும் போடுவதில்லை.