ஒரே சிப், இரண்டு சீரியல் போர்ட்: எது எது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

ஆர்பி2040 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்பை வைத்து ஒரு டேட்டா லாகர் (அளவீடுகளைப் பதிவு செய்யும் கருவி) செய்தேன். ஒரே கேபிளில் இரண்டு யூஎஸ்பி சீரியல் போர்ட். முதலாவதில் டீபக் (பிழை தேட உதவும்) செய்திகள், இரண்டாவதில் சென்சார் அளவீடுகள். லினக்ஸில் டிடிஒய்ஏசிஎம்0, டிடிஒய்ஏசிஎம்1 என்று வந்தன, நன்றாகவே ஓடியது. அப்புறம் ஒருநாள் அளவீட்டுக் கோப்பைத் திறந்தால் உள்ளே முழுக்க டீபக் வரிகள்.

நடந்தது இதுதான். டீபக் பார்க்க ஒரு டெர்மினல் 0-ஐத் திறந்து வைத்திருந்தது. அந்த நேரத்தில் சிப் ரீசெட் ஆனது. டெர்மினல் மூடாததால் லினக்ஸ் கெர்னலால் 0 என்ற எண்ணை விடுவிக்க முடியவில்லை. சிப் திரும்பி வந்தபோது டீபக் போர்ட்டுக்கு 1 கிடைத்தது, அளவீட்டுக்கு 2. என் பைத்தான் நிரலோ வழக்கம்போல 1-ஐத் திறந்து எழுத ஆரம்பித்துவிட்டது. எந்த இடத்திலும் பிழைச் செய்தி இல்லை, அதுதான் இதில் ஆபத்தே.

அன்றிலிருந்து அந்த எண்ணை நான் நம்புவதில்லை. டெவ் அடைவுக்குள் சீரியல், அதற்குள் பை-ஐடி என்று ஓர் அடைவு இருக்கிறது. அங்கே தயாரிப்பாளர் பெயர், சீரியல் எண் எல்லாம் சேர்ந்த நீளமான பெயரில் இணைப்புகள் இருக்கும். கடைசியில் ஒன்றுக்கு ஐஎஃப்00, மற்றதற்கு ஐஎஃப்02. ஒவ்வொரு சிடிசி (யூஎஸ்பி சீரியல் வகை) போர்ட்டும் கட்டுப்பாட்டுக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று என இரண்டு இன்டர்ஃபேஸ் (சாதனத்துக்குள் எண்ணிட்ட பகுதி) எடுத்துக்கொள்வதால்தான் 01 வராமல் 02 வருகிறது. ஃபர்ம்வேரை (சிப்பில் ஏற்றிய நிரலை) மாற்றாதவரை இது மாறாது.

யூடெவ் (செருகிய சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் லினக்ஸ் சேவை) விதி எழுதுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஏடிடிஆர்எஸ் (சாதனத்தின், அதற்கு மேல்படிகளின் பண்புகளை ஒப்பிடும் நிபந்தனை) வழியாக சீரியல் எண்ணையும் இன்டர்ஃபேஸ் எண்ணையும் ஒரே விதியில் ஒப்பிட்டால் அது பொருந்தவே பொருந்தாது. சீரியல் எண் யூஎஸ்பி சாதனத்துக்கு உரியது, இன்டர்ஃபேஸ் எண் அதன் கீழே உள்ள இன்டர்ஃபேஸுக்கு உரியது. ஏடிடிஆர்எஸ் நிபந்தனைகள் எல்லாம் ஒரே படியில் பொருந்த வேண்டும். அதற்குப் பதில் ஐடி_யூஎஸ்பி_இன்டர்ஃபேஸ்_நம் என்ற சூழல் மாறியைப் பயன்படுத்துங்கள். விதிக் கோப்பின் பெயர் 99 என்று தொடங்கட்டும், கோப்புகள் பெயர் வரிசையில் ஓடுவதால் அந்த நேரத்துக்குள் அந்த மாறி நிரம்பியிருக்கும்.

மற்ற இயங்குதளங்களில் உங்கள் அனுபவம் என்ன?

* * *

விண்டோஸில் காம்7, காம்8 இரண்டுமே "யூஎஸ்பி சீரியல் டிவைஸ்" என்றுதான் காட்டும். பெயரை வைத்து ஒன்றும் தெரியாது. டிவைஸ் மேனேஜரில் பண்புகளைத் திறந்து, விவரங்கள் பகுதியில் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். எம்ஐ_00, எம்ஐ_02 என்று இருக்கும். லினக்ஸில் நீங்கள் பார்த்த அதே எண்கள்தான்.

பைசீரியல் என்ற பைத்தான் நூலகம் லினக்ஸில் இன்டர்ஃபேஸின் பெயரைத் தருகிறது, விண்டோஸில் அந்த இடம் காலியாக வருகிறது. சர்க்யூட்பைத்தான் (மைக்ரோகன்ட்ரோலருக்கான பைத்தான்) பயன்படுத்துபவர்களுக்கு அடாஃப்ரூட் போர்டு டூல்கிட் என்ற நூலகம் கன்சோல் எது, டேட்டா எது என்று பிரித்துத் தந்துவிடும். எனக்கு அது பெரிய நிம்மதி.

இன்னொன்று: ஃபர்ம்வேரில் சீரியல் எண் இல்லாவிட்டால், கேபிளை வேறு யூஎஸ்பி துளையில் செருகியதும் விண்டோஸ் அதைப் புதுச் சாதனமாக நினைத்துப் புது காம் எண் கொடுத்துவிடும்.

* * *

மேக்கில் சியூ.யூஎஸ்பிமோடெம் என்று தொடங்கும் இரண்டு பெயர்கள் வரும். எனக்கு ஒன்று 1-இல் முடிகிறது, மற்றது 3-இல். முதல் போர்ட் 1, இரண்டாவது 3. இதுவரை மாறியதில்லை.

* * *

நண்பரே, எங்கள் மேசையில் சிக்கல் வேறு மாதிரி. ஒரே ஃபர்ம்வேர் ஏற்றிய பல எஸ்டிஎம்32 சிப் கருவிகள், எல்லாவற்றிலும் மாதிரி நிரலில் இருந்த அதே சீரியல் எண். பை-ஐடியில் ஒரே பெயருக்குப் போட்டி, எனவே ஒரு கருவிக்கான இணைப்பு மட்டும்தான் தெரிந்தது. தற்காலிகமாக பை-பாத் அடைவைப் பயன்படுத்தினோம். அது எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதைச் சொல்லும், ஆனால் யாராவது கேபிளை மாற்றிச் செருகினால் போச்சு. பிறகு சிப்பிலேயே இருக்கும் 96 பிட் தனி அடையாளத்தை எடுத்து சீரியல் எண்ணாக வைத்தோம், தீர்ந்தது.

கூடவே, ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் ஃபர்ம்வேரில் தனிப் பெயர் கொடுத்துவிடுங்கள். டைனியூஎஸ்பி நூலகத்தில் டிஸ்கிரிப்டர் (கருவி தன்னை விவரிக்கும் தகவல்) வரியில் பெயருக்கான எண் ஒன்று இருக்கும். இரண்டு போர்ட்டுக்கும் அது வெவ்வேறாக இருக்கிறதா என்று பாருங்கள்.

போர்ட்டைத் திறந்து "நீ யார்?" என்று கேட்கும் முறை எனக்குப் பிடிக்காது. திறந்த உடனே டிடிஆர் என்ற கட்டுப்பாட்டு சிக்னல் மாறி, சில ஆர்டுயினோக்கள் ரீசெட் ஆகிவிடும். 1200 பாட் வேகத்தில் திறந்து மூடினால் சில கருவிகள் பூட்லோடருக்கே (புது நிரல் ஏற்றும் நிலைக்கே) போய்விடும். அடையாளம் தெரியாத கருவியிடம் இதைச் செய்யக்கூடாது.

* * *

லினக்ஸில் நாம் கேட்காவிட்டாலும் மோடெம்மேனேஜர் என்ற பின்னணிச் சேவை கேட்கும்! கருவியைச் செருகியதும் இது மோடெமோ என்று ஏடி கட்டளைகளை அனுப்பிப் பார்க்கும். என் கருவி அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு குழம்பியது. அதே யூடெவ் விதியில் ஐடி_எம்எம்_டிவைஸ்_இக்னோர் என்பதை 1 என்று வைத்தேன். அதற்குப் பிறகு தொந்தரவு இல்லை.