மஹிந்திரா தாரை 2 அங்குலம் தூக்கியபின் முன்சக்கரத்தில் சத்தம்

கேள்வி:
என் 2021 தாருக்கு முன்னால் ஸ்பேசர் (சஸ்பென்ஷனை உயர்த்தும் துண்டு) போட்டு 2 அங்குலம் தூக்கினேன். ஆறே மாதத்தில், ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் இடது பக்கம் ‘டக் டக்’ என்று சத்தம். குனிந்து பார்த்தேன். சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டின் ஜாயிண்டை மூடும் ரப்பர் பூட்டின் (உறையின்) மடிப்பில் நகம் அளவு கிழிசல், ரிம்மின் உள்பக்கம் முழுக்க கிரீஸ். லிஃப்ட்தான் காரணமா?

பதில்:
பெரும்பாலும் அதுதான். தாரின் முன்பக்கம் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், அதாவது இரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். வண்டியைத் தூக்கினால் டிஃபரென்ஷியலும் (இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) சேஸிஸோடு மேலே போகும், சக்கரம் தரையிலேயே நிற்கும். நடுவில் உள்ள ஷாஃப்ட் சரிந்துவிடும். நேர்ச்சாலையில்கூட சிவி ஜாயிண்ட் (ஷாஃப்ட் சாய்ந்தாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) கோணத்திலேயே சுழல்வதால் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். கிரீஸ் வெளியே, மண் உள்ளே. எனக்கும் இப்படித்தான் ஆனது. சத்தம் வந்த பிறகு பூட்டை மட்டும் மாற்றிப் பணத்தை வீணாக்கினேன். நீங்கள் ஜாயிண்டையே மாற்றுங்கள். அப்படியே மேல் பால் ஜாயிண்டையும் (சக்கரப் பகுதியை சஸ்பென்ஷன் கையோடு இணைக்கும் உருண்டை மூட்டு) ஆட்டிப் பாருங்கள், தயவுசெய்து.

பதில்:
மாருதி ஜிம்னியில் இந்தத் தொல்லை இல்லை. முன்னால் ரிஜிட் ஆக்சில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு); ஷாஃப்ட் ஆக்சிலோடு சேர்ந்தே இருப்பதால் கோணம் மாறாது. ஆனால் தூக்கினால் காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்து ஸ்டீயரிங் அலையும், ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணமும் மாறும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. டிஃபரென்ஷியலைக் கொஞ்சம் கீழே இறக்கும் கிட் போட்டால் உதவுமா?

பதில்:
கோணம் குறையும், ஆனால் அடியில் கல் தட்டும். ஸ்பேசரை 1 அங்குலமாகக் குறைப்பதே என் யோசனை.