துறை மறுசீரமைப்பில் 'தேர்வு' நடந்த விதம்: உங்கள் அனுபவம் என்ன?

கோப்புக்கட்டு
3 பிரிவுகளை ஒன்றாக்கினார்கள். 14 பேருக்கு 9 பணியிடம், மிச்சப் பேர் 'உபரி'. சுற்றறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கல்வித் தகுதி, பணிமூப்பு எல்லாம் சரி. 'கடந்த 2 ஆண்டில் முடித்த கோப்புகள்' என்ற கட்டத்தில் மட்டும் 20க்கு 7. அந்த 2 ஆண்டில் 6 மாதம் மகப்பேறு விடுப்பில் இருந்தேன். நிர்வாகப் பிரிவுக்காரர் தாள் மேல் ஸ்கேலை வைத்து வரிவரியாகக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார். அந்த வரியில் ஸ்கேல் நின்றது. "எண்ணிக்கை மட்டும்தான் மேடம் எடுப்போம், காரணம் எடுக்க மாட்டோம்" என்றார். கெட்ட மனிதர் இல்லை, குரல்கூட உயரவில்லை. பணிநிரவலில் வேறு பிரிவுக்கு வந்து 4 வருடம் ஆகிவிட்டது. யாராவது ஸ்கேல் வைத்துப் படித்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

மூன்றாம் நாற்காலி
நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன். நேர்காணல் குழுவில் 3 பேர். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே நேரம், அதில் குறை சொல்ல முடியாது. ஒருவர் நன்றாகவே பதில் சொல்லிவிட்டுப் போனார். 8 போட்டேன். தாளைக் கொடுப்பதற்குள் குழுத் தலைவர், "கொஞ்சம் வாய்க்காரர், இல்லையா?" என்றார். சிரித்தோம்.

எங்களுக்குக் கொடுத்திருந்தது பென்சில். 8இன் மேல் சுழியில் வலப்பக்கத்தை மட்டும் அழித்தால் 6 ஆகிவிடும். அதைத்தான் செய்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. அவருக்குப் பணியிடம் போனது 1 மதிப்பெண்ணில்.

விதிப்புத்தகம்
மூன்றாம் நாற்காலி சார், நீங்கள் அழித்தது இருக்கட்டும், பென்சில் கொடுத்ததே தப்பு. என் கதை சின்னது: பட்டியல் வந்த வாரம் நான் மருத்துவ விடுப்பில் இருந்தேன், ஆட்சேபணைக் கெடு முடிந்த பிறகுதான் தெரிந்தது. அதை விடுங்கள்.

இனி குழுவில் உட்காரப்போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. ஒவ்வொருவரும் தனித்தனியாக, மையில், வாய் திறப்பதற்கு முன்பே மதிப்பெண் போட வேண்டும். பக்கத்தில் ஏன் அந்த எண் என்று ஒரு வரி. பேசிய பிறகு மாற்றினால் அடித்துவிட்டுக் கையெழுத்து. ஒருவரைப் பற்றிய ஒட்டுமொத்த அபிப்பிராயம் தனித்தனித் திறமைக்கான மதிப்பெண்களிலும் கசிந்துவிடும் என்று தார்ண்டைக் என்ற உளவியலாளர் ராணுவ அதிகாரிகளின் மதிப்பீடுகளை வைத்து 1920லேயே எழுதிவிட்டார். 'வாய்க்காரர்' என்ற ஒரு சொல் அதைத்தான் செய்தது.

கோப்புக்கட்டு மேடத்துக்கு: சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158ஆம் உடன்படிக்கை (1982) மகப்பேறு விடுப்பில் வேலைக்கு வராததைப் பணிநீக்கத்துக்குச் செல்லத்தக்க காரணமாக ஏற்கவில்லை. கூடவே வந்த 166ஆம் பரிந்துரை, ஆள்குறைப்பில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கான அளவுகோல்களை முடிந்தவரை முன்கூட்டியே வகுக்கச் சொல்கிறது. உடன்படிக்கை ஏற்ற நாடுகளைத்தான் கட்டுப்படுத்தும், ஆனாலும் மனுவில் எழுதலாம். விடுப்பு மாதங்களைக் கழித்துவிட்டு மிச்ச மாதங்களுக்குச் சராசரி கேட்டிருக்க வேண்டும்.

கோப்புக்கட்டு
கேட்டேன் சார். 18 மாதத்துக்கு வகுத்துப் போட்டே கொடுத்தேன். "படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை" என்றார்கள். அப்புறம், என்னைப் பணிநீக்கம் செய்யவில்லை, நகர்த்தினார்கள். உங்கள் உடன்படிக்கை அங்கே எட்டாது.

கூட்டெழுத்து
முன்கூட்டியே வகுக்க வேண்டுமாம். எங்கள் அலுவலகத்திலும் முன்கூட்டியேதான் வகுத்தார்கள், நான்தான் தட்டச்சு செய்தேன். பணிமூப்புக்கு 30, நேர்காணலுக்கு 20. எல்லோருக்கும் கூட்டி முடித்த மறுநாள் சாயங்காலம் கூப்பிட்டார்கள். "பணிமூப்பு 15, நேர்காணல் 35. தேதி பழையதே இருக்கட்டும்." எண்ணை மாற்றினேன். தேதி வரிக்கு வந்ததும் விரல் நின்றது. பின்னால் அதிகாரி நின்றுகொண்டிருந்தார். தாண்டிவிட்டேன். இன்றைக்கும் அந்தக் கோப்பைத் திறப்பவருக்கு எல்லாம் முன்கூட்டியே வகுத்ததாகத்தான் தெரியும்.

இருபத்தேழாம் ஆண்டு
இதற்குத்தான் சொல்கிறேன், பணிமூப்பை மட்டும் வையுங்கள். நேர்காணல், 'ஆளுமை', 'அணுகுமுறை' எதுவும் வேண்டாம். சேர்ந்த தேதியை எவனும் அழிக்க முடியாது.

கடைசி வரிசை
27 வருடம் ஆனவர் அப்படித்தான் சொல்வார். எங்கள் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர்கள் 4 பேர், 4 பேருமே உபரி. புது மென்பொருளைத் தெரிந்தவர்களும் அந்த 4 பேர்தான். கிளம்பும் நாளில் பணிமூப்பில் முதலில் இருந்தவர் நோட்டோடு வந்து, "தம்பி, அந்தக் கடவுச்சொல்லை எப்படி மாற்றுவது, ஒரு தடவை சொல்லிவிட்டுப் போ" என்றார். சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

இருபத்தேழாம் ஆண்டு
அது மரியாதை தம்பி. அவரைக் குறை சொல்லாதே.

கோப்புக்கட்டு
மூன்றாம் நாற்காலி சார், அந்த 6 யாருக்காவது தெரியுமா? அவர் மேல்முறையீடு செய்யவில்லையா?

மூன்றாம் நாற்காலி
செய்தார். மறுபரிசீலனைக் குழு மதிப்பெண் தாளைக் கேட்டது. ஒளிநகல்தான் அனுப்பினோம். நகலில் அழித்த தடம் விழவில்லை.