முதலூர் வீடு - குடும்பக் குழு

புதன், காலை 6:12

ஜெயா அத்தை: (புகைப்படம்)

ஜெயா அத்தை: நேற்று ராத்திரி கேட்டுக்குள் இதைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கையெழுத்து இல்லை. எல்லாரும் ஜெபித்துக்கொள்ளுங்கள்

அம்மா: என்ன மைனி இது. கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை

பிரின்ஸி: "குடியிருப்புப் பகுதியில் ஜெபக்கூடம் நடத்த அனுமதிக்க மாட்டோம். மீறிச் சனிக்கிழமை கூட்டம் கூட்டினால் விளைவுகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல." அவ்வளவுதான்மா

ஷீலா சித்தி: ஐயோ

சாம் அண்ணன் துபாய்: ஜெபக்கூடமா? புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபம்தானே அத்தை?

ஜெயா அத்தை: ஆமாப்பா. சர்ச் ஐயர் வந்து ஜெபிப்பார், ரெண்டு பாட்டு, டிபன். தெருவில் எல்லா வீட்டுக்கும் நானே போய்க் கார்டு கொடுத்தேன். அதில் பார்த்துத்தான் தேதி தெரிந்திருக்கும்

குமார் சித்தப்பா: அக்கா கலங்காதே. கர்த்தர் உனக்காக யுத்தம்பண்ணுவார். எங்கள் சபையில் இன்றிலிருந்து உபவாச ஜெபம் அறிவித்தாச்சு. வெள்ளி முழு இரவு ஜெபம். சனிக்கிழமை விசுவாசிகள் 40 பேரோடு வருகிறேன். டிரம்ஸ், மைக் செட் எல்லாம் வேனில் ஏறும்

அம்மா: டிரம்ஸா

பிரின்ஸி: 40 பேரா

ஷீலா சித்தி: என்னிடம் சொல்லவே இல்லை

சாம் அண்ணன் துபாய்: சித்தப்பா, நிச்சயதார்த்தத்தில் உங்கள் மைக் செட் கொய்ங் என்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது

குமார் சித்தப்பா: அது ஒயர் பிரச்சினை. அந்த மண்டபத்துக்காரனைக் கேள்

சாம் அண்ணன் துபாய்: முதலில் ஸ்டேஷனில் புகார் கொடுங்கள். சொந்த வீட்டில் ஜெபிக்க எவன் அனுமதி வேண்டும்? அரசியல் சாசனம் 25வது பிரிவு இருக்கிறது. கேமரா மாட்டுங்கள். பணம் நான் அனுப்புகிறேன்

அம்மா: மைனி, தள்ளி வைத்தால் என்ன. ஈஸ்டர் கழித்துக்கூட வைக்கலாம்

ஜெயா அத்தை: ஐயரிடம் தேதி வாங்கியாச்சே

காலை 8:40

பெரியப்பா: அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஜெயா போட்ட கடிதத்தைப் பார்த்தேன். வேதாகமத்தில் 2 இராஜாக்கள் 18, 19 அதிகாரங்கள் இரண்டையும் இன்று எல்லாரும் வாசியுங்கள். கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின் ஊர்களைப் பிடித்துக்கொண்டு எருசலேமை நெருக்கினான். அவனுடைய ஆள் ரப்சாக்கே மதிலுக்கு வெளியே நின்று, ஜனங்களுக்குப் புரியவேண்டும் என்றே யூத பாஷையில் சத்தம் போட்டு மிரட்டினான். அரமாய் பாஷையில் பேசுங்கள் என்று அதிகாரிகள் கேட்டும் கேட்கவில்லை. அவனுக்கு என்ன வேண்டும்? ராஜா பயப்படுவது மட்டும் போதாது, தெருவே பயப்பட வேண்டும். பிறகு கடிதம் வந்தது. யூதாவின் ராஜா எசேக்கியா அதை வாசித்துவிட்டு ஆலயத்துக்குப் போய், கர்த்தருக்கு முன்பாக அதை விரித்து வைத்தான். நீரே பாரும் என்றான். இதைத்தான் எல்லாரும் பிரசங்கிப்பார்கள். பிரசங்கிக்காத ஒன்று இருக்கிறது. அதே எசேக்கியா அதற்கு முந்தி பயந்துபோய் 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கொடுத்து அனுப்பினவன். ஆலயக் கதவில் இருந்த பொன்னையே கழற்றினான். வாங்கினவன் சும்மா இருந்தானா? இல்லை. இன்னொன்று, அவன் ஜெபத்தோடு நிற்கவில்லை. மதிலைப் பழுது பார்த்தான். ஊருக்குள் தண்ணீர் வர மலையைக் குடைந்து 533 மீட்டர் சுரங்கம் வெட்டினான். இரண்டு பக்கமிருந்தும் வெட்டி நடுவில் சந்தித்தார்கள். அதைச் சொல்லும் கல்வெட்டு 1880இல் கிடைத்தது, இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுரங்கத்தில் இன்றும் ஜனங்கள் முழங்கால் தண்ணீரில் நடக்கிறார்கள். ஆகவே சாம் சொல்லும் புகார் அவிசுவாசம் அல்ல. குமாருடைய உபவாசமும் வேண்டியதுதான். தொடரும்.

பிரின்ஸி: 🙏

சாம் அண்ணன் துபாய்: 🙏

ஷீலா சித்தி: ஆமென் அத்தான். அல்வா எத்தனை கிலோ சொல்ல?

அம்மா: எந்தக் கடையில்

ஷீலா சித்தி: நம்ம ஊரில்தான். மஸ்கோத் அல்வாவை வேறு எங்கே வாங்க

குமார் சித்தப்பா: அண்ணன் சுரங்கத்தைப் பற்றி இவ்வளவு சொன்னீர்கள். ஒரே ராத்திரியில் தூதன் 1,85,000 பேரை அடித்ததைச் சொல்லவில்லையே. ஜெயம் வந்தது அங்கேதான்

பெரியப்பா: தொடரும் என்று போட்டிருந்தேன் குமார்.

ஜான்: பெரிய மாமா, எனக்கு ஒரு சந்தேகம். ரப்சாக்கேவுக்கு யாரும் பதில் சொல்லவில்லையா?

பெரியப்பா: நல்ல கேள்வி. மறுஉத்தரவு சொல்லவேண்டாம் என்பது ராஜாவின் கட்டளை. 18:36. ஜனங்கள் வாயே திறக்கவில்லை.

ஜான்: சரி. நான் தெரு குழுவில் பதில் போட்டுவிட்டேன்

ஜெயா அத்தை: எப்போதுடா

ஜான்: ராத்திரியே. தைரியம் இருந்தால் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று

பிரின்ஸி: டேய்

அம்மா: அழித்துவிடு மக்கா

ஜான்: 23 பேர் பார்த்துவிட்டார்கள். ஒருத்தர் கட்டைவிரல் போட்டிருக்கிறார்

சாம் அண்ணன் துபாய்: யார் அது?

ஜான்: இஸ்திரி கடை அண்ணன்

குமார் சித்தப்பா: சபாஷ் மருமகனே

குமார் சித்தப்பா: தோப்பை விற்காமல் இருந்திருந்தால் ஊரிலேயே சர்ச் பக்கத்தில் கட்டியிருக்கலாம். யாருக்கும் பயப்பட வேண்டிய

குமார் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா: படித்துவிட்டோம்

பெரியப்பா: தோப்பு விஷயம் இங்கே வேண்டாம்.

பிற்பகல் 2:05

ஜெயா அத்தை: டியூட்டி முடிந்து இப்போதுதான் வந்தேன். அண்ணன், நீங்கள் சொல்வதற்கு முன்னாலேயே ராத்திரி நான் அதைத்தான் செய்தேன். வேறு இடம் தோன்றவில்லை, அடுப்பு மேடையில் அந்தத் தாளை விரித்து வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க மிளகாய்ப்பொடி டப்பாவை மேலே வைத்துவிட்டு முழங்கால் போட்டேன். நன்றாக அழுது ஜெபித்தேன். எழுந்த பிறகு தைரியம் வந்த மாதிரிதான் இருந்தது. அஞ்சரை மணிக்குப் பால்காரர் கேட்டைத் திறந்த சத்தத்தில் கையில் இருந்த டம்ளர் கீழே விழுந்துவிட்டது. அப்படியானால் எனக்கு விசுவாசம் இல்லையா?

ஷீலா சித்தி: அப்படிச் சொல்லாதீர்கள் மைனி

குமார் சித்தப்பா: பயம் தேவனால் வருவது இல்லை அக்கா. அந்த ஆவியைக் கடிந்துகொள்

அம்மா: தனியாக இருக்கிறவளுக்குப் பயம் வராதா. கடிந்துகொள் என்று சொல்வது சுலபம்

பெரியப்பா: ஜெயா, சங்கீதம் 56 எடு. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயம் போன பிறகு நம்புவேன் என்று தாவீது பாடவில்லை. பயப்படுகிற அதே நாளில். தலைப்பைப் பார், பெலிஸ்தர் அவனைக் காத் ஊரில் பிடித்தபோது பாடியது. அந்தக் காத் ஊரில் ஆகீஸ் ராஜாவுக்கு முன்னால் மிகவும் பயந்து, பைத்தியக்காரனைப் போல நடித்து, கதவில் கீறி, தாடியில் நுரை வழிய விட்டுத் தப்பினான். 1 சாமுவேல் 21. கோலியாத்தைக் கொன்றவனே அப்படி. உன் கையில் டம்ளர்தான் விழுந்தது.

ஜெயா அத்தை: 😄

ஜெயா அத்தை: ஸ்டீல் டம்ளர்தான் அண்ணன், ஒன்றும் ஆகவில்லை

சாம் அண்ணன் துபாய்: பெரியப்பா இதை ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலில் பேசுங்கள்

அம்மா: அப்புறம் அசனச் சாப்பாடு சாயங்காலம்தான் கிடைக்கும்

ஜான்: 😂😂

பெரியப்பா: நம் ஊர்க் கதையையும் மறக்கக் கூடாது. 1799இல் உபதேசியார் டேவிட் சுந்தரானந்தம் நிலம் வாங்கி முதலூரை உண்டாக்கியதே, வேதத்துக்கு வந்தவர்களை அவரவர் ஊரில் இருக்க விடாததால்தான். முதல் கிறிஸ்தவ ஊர், அதனால் முதலூர். அவரும் ஜெபிக்கிறவர்தான், ஆனால் ஜனங்களைக் காக்கத் தடிக்கம்புப் படை ஒன்றும் வைத்திருந்தார்.

ஜான்: தடிக்கம்பையும் வேனில் ஏற்றலாமா

பெரியப்பா: அதற்காகச் சொல்லவில்லை. அந்தத் தடிக்கம்பு சரியா என்பது வேறு விவாதம். எனக்குச் சம்மதம் இல்லை. அவர் ஆண்டவரை நம்பியும் அப்படிச் செய்யத் தோன்றியது, அவ்வளவுதான்.

குமார் சித்தப்பா: கடைசியில் அவருக்கு விஷம் வைத்தார்கள் என்று நம் அப்பா சொல்வார்கள்

பெரியப்பா: ஆம். அப்படித்தான் சொல்லக் கேள்வி.

அம்மா: இப்போது விஷத்தைப் பற்றிப் பேசவா நேரம். அவள் ஏற்கெனவே பயந்திருக்கிறாள்

மாலை 7:20

ஜெயா அத்தை: எதிர்வீட்டு அக்கா வந்துவிட்டுப் போனார்கள். கடிதம் யார் வேலை என்று அவர்களுக்கும் தெரியவில்லையாம். பால் காய்ச்சின அன்று நானே வந்து குத்துவிளக்கு எடுத்துக் கொடுத்தேனே, சனிக்கிழமையும் வருவேன் என்றார்கள். ஆனால் ஒன்று சொன்னார்கள். மைக் வேண்டாம், பையனுக்குத் திங்கட்கிழமை பரீட்சை என்று

சாம் அண்ணன் துபாய்: நியாயம்தானே

குமார் சித்தப்பா: இப்படித்தான் தொடங்கும். இன்று மைக் வேண்டாம் என்பார்கள், நாளைக்குப் பாட்டு வேண்டாம் என்பார்கள்

ஷீலா சித்தி: குழந்தைக்குப் பரீட்சைங்க

குமார் சித்தப்பா: நீ யார் பக்கம்

ஷீலா சித்தி: அல்வா பக்கம். யாராவது கிலோ சொல்லுங்கள்

ஜெயா அத்தை: குமார், கோபப்படாதே. மிரட்டுகிறவனுக்குப் பயந்து மைக்கை நிறுத்தவில்லை. அந்தப் பையனுக்காக நிறுத்துகிறேன். இரண்டும் ஒன்று இல்லை. ஜெபம் சனிக்கிழமையே நடக்கும். தள்ளி வைக்கவில்லை மைனி

அம்மா: சரி மைனி. மணியாவது மாற்று. 5 மணி என்றால் இருட்டிவிடும்

ஜெயா அத்தை: 4 ஆக்கலாமா என்று ஐயரிடம் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு ஒரு கல்யாண ஆராதனை இருக்கிறது என்று ஐயரம்மா சொன்னார்கள். பார்க்கலாம்

சாம் அண்ணன் துபாய்: ஸ்டேஷன்?

ஜெயா அத்தை: நாளைக்குக் காலையில் சர்ச் சேகர கமிட்டிச் செயலாளர் கூட வருகிறேன் என்றார். புகாராகக் கொடுப்பதா, தகவலாக எழுதிக் கொடுப்பதா என்றுதான் தெரியவில்லை

பெரியப்பா: தகவலாக. கடிதத்தின் நகலை இணை. அசல் உன்னிடமே இருக்கட்டும்.

சாம் அண்ணன் துபாய்: புகாராக. தகவல் என்றால் மடித்து வைத்துவிடுவார்கள்

ஜான்: அசலில் மிளகாய்ப்பொடி ஒட்டியிருக்கிறது

பிரின்ஸி: 😂

குமார் சித்தப்பா: நான் 40 பேருக்குச் சொல்லிவிட்டேனே. இப்போது என்ன செய்ய

பெரியப்பா: அவர்கள் உங்கள் சபையில் அதே நேரத்தில் கூடி ஜெபிக்கட்டும். அதுவும் யுத்தம்தான்.

குமார் சித்தப்பா: ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்

அம்மா: நீயும் ஷீலாவும் வருவீர்கள்தானே

குமார் சித்தப்பா: ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் மைனி

ஷீலா சித்தி: நாங்கள் வருகிறோம் அக்கா. 3 கிலோ சொல்லிவிட்டேன்

ஜெயா அத்தை: 4 ஆகச் சொல்லு ஷீலா. தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுக்க வேண்டும். கடிதம் போட்டவர் வீடும் அதில்தான் வரும்

ஜான்: வாங்குவாங்களா அம்மா?

ஜெயா அத்தை: வாங்காவிட்டால் நீ தின்னு

அம்மா: அத்தான், வேன் யார் பெயரில் சொல்லியிருக்கிறது? டிரைவர் எனக்குப் போன் போட்டு டிரம்ஸுக்குத் தனி வாடகை கேட்கிறார்