புதுப்பிப்பு: கோச்சியில் சூரை மீன் சாப்பிட்டாச்சு

ஜப்பானின் கோச்சி நகரில் (கேரளக் கொச்சி இல்லை!) கடல் உணவுக்கு எங்கே போகலாம், பச்சை மீன் எனக்கு ஒத்துவருமா என்று போன வாரம் இங்கே கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி ஹிரோமே சந்தைக்கே போனோம். சனிக்கிழமை மாலை, ஒரே கூச்சல். எல்லாம் பொது மேசைகள்தான். ஒரு தாத்தா நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு, தன் பீர் குவளையை எங்கள் குவளையோடு மோதினார்.

அங்கே பிரபலமான கட்சுவோ, நம் சூரை மீன்தான். வைக்கோல் தீயில் மேற்புறம் மட்டும் சுட்டு, தடிமனாக வெட்டி, உப்போடும் பூண்டுச் சீவலோடும் தருகிறார்கள். உள்ளே பச்சைதான், ஆனால் புகை மணத்தில் கவிச்சி தெரியவே இல்லை. அப்புறம் இன்னொரு தட்டும் வாங்கினோம். பூண்டு வாடைதான் மறுநாள் ரயில் வரை கூடவே வந்தது.