டிவியில் மட்டும் சப்டைட்டில் பிந்துகிறது: வெயிட்லிஃப்டிங் ஃபேரி கிம் பொக்-ஜூ

இந்தக் கொரியத் தொடரை டிவியில் ஒரு ஸ்ட்ரீமிங் ஆப்பில் பார்க்கும்போது ஆங்கில சப்டைட்டில் பின்தங்கிக்கொண்டே போகிறது. தொடக்கத்தில் சரியாக இருக்கும். எபிசோட் பாதியைத் தாண்டும்போது ஐந்தாறு விநாடி தாமதம். குரலும் படமும் ஒத்துப்போகின்றன, எழுத்து மட்டும்தான் பிந்துகிறது.

டிவி 43 இன்ச், ஆண்ட்ராய்டு 9, 2019இல் வாங்கியது. திருச்சியில் இருக்கிறோம், ஃபைபர் இணைப்பு. போன வாரம் அந்த ஆப் அப்டேட் ஆன பிறகுதான் இது ஆரம்பித்தது. கேஷை அழித்தேன், ஆப்பை நீக்கி மறுபடி போட்டேன், ரவுட்டரையும் அணைத்துப் போட்டுப் பார்த்தேன். நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பின்னால் ஓட்டினால் சரியாகிறது, அப்புறம் அதே கதை. மொபைலில் இதே ஆப் ஒழுங்காக ஓடுகிறது. லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தாலும் பிரச்சினை இல்லை, ஆனால் இரவில் அண்ணனுக்கு அது வேலைக்கு வேண்டும்.

பளுதூக்கும் பயிற்சிக்குப் போகிற தங்கையோடு பார்க்கிறேன். கதாநாயகி பொக்-ஜூ, தான் ஒரு பளுதூக்கும் வீராங்கனை என்பதையே மறைத்து, செல்லோ என்ற இசைக்கருவி வாசிப்பதாகத் தனக்குப் பிடித்த டாக்டரிடம் சொல்கிற கட்டத்தில் நிற்கிறோம். முதல் காதலின் அந்தத் தயக்கம் முழுக்க வசனத்தில்தான் இருக்கிறது. எழுத்து பிந்தினால் எல்லாம் போய்விடுகிறது.

ஆண்ட்ராய்டு டிவியில் சப்டைட்டில் நேரத்தை முன்னால் நகர்த்த ஏதாவது செட்டிங் இருக்கிறதா?